கணினியும் காவலும்



பள்ளியிலும் கல்லூரியிலும் உள்ள கணினிகளை நச்சுநிரல்களிலிருந்தும் வஞ்சகச் செய்திகளிலிருந்தும் காப்பது எங்ஙனம் என்பதே இன்று உங்களோடு பேசுவதற்கு நான் எடுத்துக்கொண்ட பொருள். இதைப் பற்றிப் பேசுவதற்குப் பொறியியல் அறிஞர்கள் பலர் உளர். நானோ முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியராகவும் தலைமையாசிரியராகவும் பணியாற்றி ஓய்வு பெற்றவன். ஆயினும், கணினிக் காவலில் பாதி கருவியைச் சார்ந்தது என்றால், மறு பாதி அதைக் கையாளும் மனிதரின் பழக்கத்தைச் சார்ந்தது. பழக்கத்தைப் பற்றிப் பேச ஓர் ஆசிரியனுக்கு ஓரளவு உரிமை உண்டு என்று எண்ணுகிறேன்.

நான் வாழும் ஊர் முத்துப்பேட்டை. பாமணியாறும் கோரையாறும் கடலோடு கலக்கும் கழிமுகத்தில், அலையாத்திக் காட்டின் ஓரத்தில் அமைந்த ஊர். காவிரிப் பாசனத்தின் கடைமடைப் பகுதி. மேட்டூரில் திறக்கும் நீர் கல்லணையைக் கடந்து, ஆறாகவும் வாய்க்காலாகவும் கிளை பிரிந்து எங்களிடம் வந்து சேரப் பல நாள் ஆகும். கடைமடை உழவனுக்கு ஓர் உண்மை நன்றாகத் தெரியும். நீரைக் கொண்டுவரும் அதே வாய்க்கால்தான் வெள்ளத்தையும் கொண்டுவரும். அதற்காக அவன் வாய்க்காலைத் தூர்த்துவிடுவதில்லை. மடையைக் காக்கக் கற்றுக்கொள்கிறான். இணையமும் இத்தகையதொரு வாய்க்காலே. அறிவு வரும் வழியில் வஞ்சகமும் வரும்.

தமிழ்நாட்டு அரசு 2011 செப்டம்பர் 15 அன்று விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. அதன் பயனாக, வீட்டில் ஒரு நல்ல மேசைகூட இல்லாத பிள்ளைகளின் கையிலும் கணினி வந்து சேர்ந்தது. பின்னர் அரசுப் பள்ளிகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள் அமைந்தன. இன்று தேர்வு விண்ணப்பம், மதிப்பெண், மாற்றுச் சான்றிதழ், உதவித்தொகை ஆகிய யாவும் கணினி வழியே நடைபெறுகின்றன. ஆகவே பள்ளிக் கணினி ஒன்று கெட்டால், ஒரு பொறி மட்டும் கெட்டது என்று கொள்ளுதல் கூடாது. ஓர் ஏழை மாணவியின் உதவித்தொகை தடைப்படலாம். ஒருவனுடைய மேற்படிப்பு விண்ணப்பம் நாள் தவறிப் போகலாம். இதில் இழப்பதற்குப் பொருள் உண்டு என்பதை முதலில் மனத்தில் கொள்ளுங்கள்.

இனி, நச்சுநிரல் என்பது யாது என்று பார்ப்போம். கணினி இன்னின்ன வேலையை இன்னின்ன முறையில் செய்க என்று எழுதப்பட்ட கட்டளைத் தொகுப்பை நிரல் என்கிறோம். கணக்குப் போடுவதும் நிரல்தான்; படம் காட்டுவதும் நிரல்தான். கணினிக்கு நல்ல கட்டளை, தீய கட்டளை என்ற வேறுபாடு இயல்பாகத் தெரியாது. ஏவியதைச் செய்யும் வேலையாள் அது. ஒரு நிரல் மற்றொரு நிரலுக்குள் புகுந்து, தன்னைப் போன்ற படிகளைத் தானே பெருக்கிக்கொண்டு பரவுமாயின் அதனை வைரஸ் என்கின்றனர். இலத்தீன் மொழியில் இச்சொல்லுக்கு நஞ்சு என்று பொருள். எனவே நச்சுநிரல் என்னும் தமிழ்ப் பெயர் நன்கு பொருந்துகிறது.

இப்பெயர் கணினி ஆராய்ச்சியில் நிலைபெற்றது ஒரு பல்கலைக்கழக வளாகத்தில் என்பது நீங்கள் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி. 1983-ஆம் ஆண்டு அமெரிக்காவில் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் பிரெட் கோகன் என்ற ஆராய்ச்சி மாணவர், அனுமதி பெற்று ஒரு சோதனை நடத்தினார். கோப்புகளின் அமைப்பைப் படமாகக் காட்டும் பயனுள்ள நிரல் ஒன்றினுள் தம்முடைய நச்சுநிரலை ஒளித்துவைத்தார். அதைப் பயன்படுத்துமாறு பிறருக்கு அறிவித்தார். ஐந்து முறை சோதனை செய்தார். ஐந்து முறையும் அந்தக் கணினி அமைப்பின் முழு அதிகாரமும் அவர் கைக்கு வந்தது. சராசரியாக அரை மணி நேரத்திற்கும் குறைவாகவே ஆயிற்று. ஒரு முறை ஐந்து நிமிடங்கூட ஆகவில்லை. அவருடைய ஆசிரியரான லெனார்டு ஆடில்மேன் என்பவரே வைரஸ் என்ற பெயரைச் சொன்னவர்.

இச்சோதனையில் கோகன் எந்தப் பூட்டையும் உடைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். பயனுள்ள பொருள் என்று நம்பி மற்றவர்களே கதவைத் திறந்துவிட்டார்கள். அன்று முதல் இன்று வரை நச்சுநிரல்களில் மிகுதியானவை இவ்வாறே நுழைகின்றன. திருடன் சுவர் ஏறிக் குதிப்பதைவிட விருந்தாளியாக வருவதையே விரும்புகிறான்.

ஆயினும், யாரும் கதவைத் திறக்காமலே தானாக ஊர்ந்து பரவும் நிரலும் உண்டு. அதனைப் புழு என்பர். 1988 நவம்பர் 2 அன்று ராபர்ட் மோரிஸ் என்ற கார்னெல் பல்கலைக்கழக மாணவர் அத்தகைய புழு ஒன்றை இணையத்தில் விட்டார். அந்நாளில் இணையம் பெரும்பாலும் பல்கலைக்கழகங்களையும் ஆராய்ச்சி நிலையங்களையும் இணைத்த சிறிய வலையாக இருந்தது. ஏறத்தாழ 6000 கணினிகள் அப்புழுவால் செயலிழந்தன என்று மதிப்பிட்டனர். சில நிரல்களில் இருந்த குறைகளின் வழியே அது நுழைந்தது. மற்றொரு வழியும் அதற்கு இருந்தது. பயனரின் பெயரையே மறைசொல்லாக வைத்திருக்கிறாரா, பெயரைத் திருப்பி எழுதி வைத்திருக்கிறாரா என்று அது முயன்று பார்த்தது. பின்னர் 432 பொதுச் சொற்கள் கொண்ட பட்டியல் ஒன்றை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஊகித்தது. கற்றறிந்த பேராசிரியர்களின் மறைசொற்களும் அந்தச் சிறு பட்டியலுக்குள் அகப்பட்டன.

மறைசொல் பற்றிய பாடம் இதிலேயே அடங்கியிருக்கிறது. உங்கள் பெயர், ஊர்ப் பெயர், பிறந்த நாள், விரும்பும் நடிகரின் பெயர் ஆகியவை மறைசொல் ஆகா. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நான்கைந்து சொற்களைச் சேர்த்து நீளமாக அமைப்பது நன்று. ஓர் இடத்தில் வைத்த மறைசொல்லை வேறோரிடத்தில் வைத்தல் கூடாது. ஒரே சாவியால் வீடும் கடையும் களஞ்சியமும் திறக்குமானால், சாவி தொலையும் நாளில் மூன்றும் தொலையும். மறைசொல்லோடு கைப்பேசிக்கு வரும் எண்ணையும் கேட்கும் இரட்டைப் பூட்டு முறை இருக்குமிடங்களில் அதனைத் தவறாது ஏற்படுத்திக்கொள்ளுங்கள். ஆய்வகக் கணினியில் வேலை முடிந்ததும் உங்கள் கணக்கிலிருந்து வெளியேறிவிட்டே எழுந்திருங்கள்.

அடுத்து, வஞ்சகச் செய்திகளுக்கு வருவோம். 2000-ஆம் ஆண்டு மே மாதம் 4-ஆம் நாள், உலகெங்கும் அலுவலகங்களிலும் கல்லூரிகளிலும் இருந்தோர்க்கு, 'நான் உன்னைக் காதலிக்கிறேன்' என்ற தலைப்பில் ஆங்கிலத்தில் ஒரு மின்னஞ்சல் வந்தது. அறிந்தவர் பெயரிலேயே வந்தது. உள்ளே காதல் கடிதம் என்ற பெயரில் ஒரு கோப்பு இருந்தது. அதன் பெயர் 'டி.எக்ஸ்.டி.' என்று முடிவதுபோல் தோன்றியதால் வெறும் எழுத்துக் கோப்பு என்று பலரும் எண்ணினர். உண்மையில் அதன் பின்னே 'வி.பி.எஸ்.' என்ற இன்னொரு முடிவும் இருந்தது. அது செயற்படும் நிரல் என்பதற்கு அடையாளம். விண்டோஸ் அந்தக் கடைசி முடிவை மறைத்துக் காட்டும் வழக்கம் உடையது. திறந்த மாத்திரத்தில் அந்நிரல் கோப்புகளை அழித்தது. திறந்தவரின் முகவரிப் பட்டியலில் இருந்த அனைவர்க்கும் அதே கடிதத்தை அனுப்பியது. இலட்சக்கணக்கான கணினிகள் பாழாயின. அதைச் செய்தவர் பிலிப்பைன்ஸ் நாட்டுத் தலைநகரில் கணினி பயின்ற மாணவர் ஒருவர். அக்குற்றத்திற்கு ஏற்ற சட்டம் அந்நாட்டில் அப்போது இல்லாமையால் அவர் தண்டனையின்றி விடப்பட்டார். அதன் பின்னரே அந்நாட்டில் அதற்கான சட்டம் வந்தது.

அறிந்தவர் பெயரில் வருவதாலேயே ஒரு செய்தி அறிந்தவர் அனுப்பியது ஆகிவிடாது என்பதை இதனால் அறிகிறோம். கோப்பின் பெயரில் கடைசியில் உள்ள எழுத்துகளே அதன் உண்மையான இனத்தைக் காட்டும். 'ஈ.எக்ஸ்.ஈ.' என்று முடிவது கணினியில் இயங்கும் நிரல். 'ஏ.பி.கே.' என்று முடிவது கைப்பேசியில் நிறுவப்படும் செயலி. திருமண அழைப்பிதழ் என்ற பெயரில் வாட்ஸ்அப் வழியே இவ்வகைச் செயலியை அனுப்பும் மோசடி அண்மை ஆண்டுகளில் நம் நாட்டில் நடந்துள்ளது. அழைப்பிதழ் படமாக வரும், எழுத்தாக வரும். நிறுவிக்கொள்ளும்படி வரும் அழைப்பிதழ் எந்தக் கலியாண வீட்டிலிருந்தும் வருவதில்லை.

வஞ்சகச் செய்திகளைத் தொடர்ந்து கவனித்தால் அவை நான்கு நரம்புகளையே மீட்டுகின்றன என்பது விளங்கும். ஆசை, அச்சம், அவசரம், அதிகாரம் என்பன அந்நான்கும். 'உங்களுக்குப் பரிசு விழுந்துள்ளது' என்பது ஆசை. 'உங்கள் கணக்கு முடக்கப்படும்' என்பது அச்சம். 'இன்று மாலைக்குள் செய்க' என்பது அவசரம். 'கல்வித்துறையிலிருந்து பேசுகிறோம், காவல் நிலையத்திலிருந்து பேசுகிறோம்' என்பது அதிகாரம். இவற்றுள் இரண்டு ஒன்றாகச் சேர்ந்து வந்தாலே ஐயப்படுங்கள். நான்கும் சேர்ந்து வந்தால் அது வஞ்சகமே என்று கொண்டு, கையை எடுத்துவிடுங்கள்.

நம் மாநிலத்திலேயே நடந்த ஒரு வகை மோசடியைச் சொல்கிறேன். அரசுப் பள்ளி மாணவர்களின் பெற்றோரைக் கைப்பேசியில் அழைத்து, கல்வித்துறையிலிருந்து பேசுவதாகச் சொல்வார்கள். பிள்ளையின் பெயரையும் வகுப்பையும் சரியாகச் சொல்வார்கள். உதவித்தொகை வந்திருக்கிறது என்பார்கள். பின்னர் ஒரு கியூ.ஆர். குறியீட்டை அனுப்பி, அதைப் பதிந்து இரகசிய எண்ணை இடச் சொல்வார்கள். பெற்றோர் அவ்வாறு செய்ததும், பணம் வருவதற்கு மாறாக அவர்களுடைய கணக்கிலிருந்து போய்விடும். கூலி வேலை செய்து சேர்த்த பணம் அது. யு.பி.ஐ. இரகசிய எண் பணம் அனுப்புவதற்கே தேவை. பணம் பெறுவதற்கு ஒருபோதும் தேவையில்லை. இந்த ஒரு வரியை இன்று இரவே உங்கள் தாய் தந்தையர்க்குச் சொல்லுங்கள். அவர்கள் உங்களைப் படிக்கவைத்ததற்கு நீங்கள் செய்யும் சிறு கைம்மாறாக அஃது அமையும்.

இணைய முகவரியைப் படிக்கும் முறையையும் அறிந்துகொள்ள வேண்டும். அஞ்சல் முகவரியை எண்ணிப் பாருங்கள். காந்தி தெரு என்று எழுதியிருந்தால் போதுமா? காந்தி தெரு எல்லா ஊரிலும் உண்டு. எந்த ஊர்க் காந்தி தெரு என்பது கீழ் வரியில்தான் தெரியும். இணைய முகவரியும் அவ்வாறே. தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிடுங்கள். அதன்பின் வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டிற்கு முன்னே, கடைசியாக நிற்கும் பெயரே உரிமையாளர் பெயர். முதலில் உங்கள் வங்கியின் பெயர் இருக்கலாம். அதையடுத்து ஒரு புள்ளியும், அறியாத வேறொரு பெயரும், 'டாட் காம்' என்பதும் வருமாயின், அந்தத் தளம் உங்கள் வங்கிக்கு உரியதன்று. அந்த அறியாத பெயருக்கே உரியது. 'டாட் கவ் டாட் இன்' என்ற முடிவு இந்திய அரசு நிறுவனங்களுக்கும், 'டாட் ஏசி டாட் இன்' என்ற முடிவு கல்வி நிறுவனங்களுக்கும் ஒதுக்கப்பட்டவை. முகவரிக்கு அருகே தோன்றும் பூட்டுக் குறியைக் கண்டு மயங்கவேண்டா. வழியில் பிறர் படிக்க முடியாதபடி செய்தி மறைத்து அனுப்பப்படுகிறது என்பதையே அது காட்டும். பெறுபவர் நல்லவர் என்பதற்கு அது சான்று ஆகாது. எல்லாவற்றினும் எளிய வழி, செய்தியில் வந்த இணைப்பைத் தொடாமல், நிறுவனத்தின் முகவரியை நீங்களே தட்டச்சு செய்து சென்று பார்ப்பதாகும்.

இனி, கருவியைச் சார்ந்த காவலுக்கு வருவோம். வரப்பு உயரமாகவும் அகலமாகவும் இருக்கலாம். ஆனால் நண்டு குடைந்த ஒரு வளை போதும். இரவோடிரவாக வயலின் நீர் வடிந்துவிடும். எந்த மென்பொருளிலும் இத்தகைய நண்டு வளைகள் இருக்கவே செய்யும். அவை தெரியவந்ததும், அடைப்பதற்கான திருத்தங்களை உருவாக்கியவர்கள் வெளியிடுகிறார்கள். அதையே புதுப்பித்தல் என்கிறோம். மைக்ரோசாப்ட் நிறுவனம் விண்டோஸில் இருந்த ஒரு வளையை அடைக்கும் திருத்தத்தை 2017 மார்ச் 14 அன்று வெளியிட்டது. இரண்டு மாதம் கழித்து, மே 12 அன்று, வான்னாகிரை என்ற பணயப் புழு அதே வளையின் வழியே உலகெங்கும் புகுந்தது. ஏறத்தாழ 150 நாடுகளில் 2 இலட்சத்திற்கும் மேற்பட்ட கணினிகள் பாதிக்கப்பட்டன. ஆந்திர மாநிலக் காவல்துறையின் கணினிகள் சிலவும் அதற்குத் தப்பவில்லை. திருத்தத்தை உரிய நாளில் ஏற்றவர்களுடைய கணினிகள் தப்பின. 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று தள்ளிவைத்தோரே மிகுதியாக அகப்பட்டனர்.

நம் பள்ளிகளுக்கு இதில் உடனடியான செய்தி ஒன்று உண்டு. விண்டோஸ் 10 என்ற இயக்க அமைப்பிற்கு மைக்ரோசாப்ட் அளித்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. நீட்டிப்புத் திட்டத்தில் சேராத கணினிகளுக்குப் புதிய திருத்தங்கள் வரமாட்டா. பழைய கணினியில் புதிய விண்டோஸ் இயங்காது எனில், கட்டணமில்லாக் கட்டற்ற மென்பொருளான லினக்ஸுக்கு மாறலாம். பாஸ் லினக்ஸ் என்ற இயக்க அமைப்பு சென்னையில் உள்ள சி-டாக் நிறுவனத்தில் உருவானது. தமிழ் உட்பட இந்திய மொழிகளில் இயங்கவல்லது. லினக்ஸும் புதுப்பிக்கப்பட வேண்டியதே என்பதை மறத்தல் கூடாது.

பணயப் புழு என்றேன். அதனை விளக்க வேண்டும். சில நச்சுநிரல்கள் கோப்புகளை அழிப்பதில்லை. யாரும் படிக்க முடியாதபடி பூட்டிவிட்டு, சாவி வேண்டுமாயின் பணம் தருக என்று கேட்கின்றன. 2022 நவம்பர் 23 அன்று புது தில்லி அனைத்திந்திய மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் இத்தகைய தாக்குதல் நேர்ந்தது. நாட்டின் முதன்மையான மருத்துவக் கல்லூரியும் மருத்துவமனையும் ஒன்றாய் அமைந்த வளாகம் அது. ஐந்து சேவையகக் கணினிகளில் இருந்த ஏறத்தாழ 1.3 டெராபைட் அளவுள்ள தரவுகள் பூட்டப்பட்டன. நோயாளிகளைப் பதிவு செய்வதும் ஆய்வக முடிவுகளை வழங்குவதும் பல நாள் கையெழுத்தில் நடைபெற்றன. தொலைவிலிருந்து வந்து வரிசையில் நின்ற நோயாளிகளின் துன்பத்தை எண்ணிப் பாருங்கள். வளாகத்தின் வலையமைப்பு முறையாகப் பகுக்கப்படாமையே காரணம் என்று அரசு பின்னர் நாடாளுமன்றத்தில் தெரிவித்தது.

பகுத்தல் என்றால் என்ன? அதை விளக்க நம் மாநிலத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2019-ஆம் ஆண்டு கூடங்குளம் அணுமின் நிலையத்தின் கணினி ஒன்றில் நச்சுநிரல் இருப்பது கண்டறியப்பட்டது. இந்தியக் கணினி அவசர நடவடிக்கைக் குழுவாகிய செர்ட்-இன் அதனைச் செப்டம்பர் 4 அன்று தெரிவித்தது. அக்டோபர் 30 அன்று அணுமின் கழகம் அதனை உறுதி செய்தது. நிருவாக வேலைக்காக இணையத்தோடு இணைந்திருந்த கணினி அது. அணு உலையை இயக்கும் அமைப்புகளோ அந்த வலையோடு தொடர்பின்றித் தனியே இருந்தன. ஆகவே அவை பாதிக்கப்படவில்லை என்று கழகம் அறிவித்தது. ஒரு வாய்க்காலில் உப்புநீர் ஏறினால் கதவணையை இறக்கிவிடுகிறோம். அடுத்த வாய்க்கால் தப்புகிறது. பள்ளியிலும் மாணவர் பயன்படுத்தும் கணினிகள் ஒரு வலையிலும், மதிப்பெண்ணும் கணக்கும் உள்ள அலுவலகக் கணினிகள் வேறொரு வலையிலும் இருத்தல் வேண்டும். இடையே கதவணை இல்லாத வளாகத்தில், ஒருவர் செய்த பிழை எல்லார் வீட்டு வாசலுக்கும் வந்துவிடும்.

தில்லி மருத்துவமனையின் கதையில் ஆறுதலான பகுதியும் உண்டு. பாதிக்கப்படாத காப்புச் சேவையகம் ஒன்றில் இருந்த படிகளைக் கொண்டு நோயாளிகளின் தரவுகள் மீட்கப்பட்டன. இதைக் கேட்டபோது எனக்கு விதைநெல் நினைவுக்கு வந்தது. எவ்வளவு வறுமை வந்தாலும் உழவன் விதைநெல்லைத் தொடுவதில்லை. உண்ணும் நெல்லோடு சேர்த்தும் வைப்பதில்லை. கோட்டை கட்டித் தனியே வைக்கிறான். உங்கள் ஆய்வேடும் செய்முறைக் குறிப்பும் பள்ளியின் பதிவேடும் அவ்வாறே காக்கப்பட வேண்டியவை. எந்த முக்கியமான கோப்பிற்கும் மூன்று படிகள் இருக்கட்டும். இரண்டு வகைக் கருவிகளில் இருக்கட்டும். ஒன்றாவது வேறு இடத்தில் இருக்கட்டும். காப்புப் படி வைத்த வட்டை எப்போதும் கணினியிலேயே செருகி வைத்திருந்தால், கணினியைப் பூட்டும் நச்சுநிரல் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். 2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் பகுதியைச் சூறையாடியபோது, வீட்டோடு சான்றிதழ்களையும் இழந்தோர் பலர். காப்புப் படியை வேறிடத்தில் வைக்கவேண்டும் என்பதன் பொருளை எங்கள் ஊர்க்கு யாரும் விளக்கவேண்டியதில்லை.

இவை யாவும் அறிந்த பின்னும், பள்ளிகளில் நச்சுநிரல் பரவுவதற்கு முதன்மையான காரணம் ஒன்று எஞ்சி நிற்கிறது. அதை ஒரு நிகழ்ச்சியால் விளக்குகிறேன். நான் பணியாற்றிய பள்ளி ஒன்றில், மாணவன் ஒருவன் வெளியே ஒரு கடையில் அச்செடுத்து வந்த பென் டிரைவை ஆய்வகக் கணினியில் செருகினான். அதில் இருந்த கோப்புறைகள் மறைந்து, அவற்றின் பெயரில் குறுக்குவழிக் குறிகள் மட்டும் தெரிந்தன. அவற்றைச் சொடுக்கியதும் ஒளிந்திருந்த நச்சுநிரல் இயங்கியது. ஏதோ தவறு நேர்ந்துவிட்டது என்று அவனுக்குத் தெரியும். ஆயினும் மூன்று நாள் யாரிடமும் சொல்லவில்லை. அந்த மூன்று நாளில் ஆறு வகுப்பு மாணவர்கள் அந்த ஆய்வகத்தைப் பயன்படுத்தினார்கள். ஒவ்வொருவர் பென் டிரைவிலும் அது ஏறிக்கொண்டது. ஆசிரியர்களின் பென் டிரைவுகள் வழியாக மதிப்பெண் பட்டியல் இருந்த கணினிக்கும் வந்து சேர்ந்தது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். 'திட்டுவீங்கன்னு பயந்துட்டேன், சார்' என்றான்.

நண்பர்களே, அந்த நச்சுநிரலுக்கு முதல் நாளில் ஒரு கணினிதான் கிடைத்திருந்தது. மற்றவற்றை அதற்குத் தேடிக்கொடுத்தது அச்சம். மறுவாரம் ஆய்வகச் சுவரில் ஓர் அறிவிப்பை எழுதிவைத்தோம்: 'கோளாறைக் கண்டவர் உடனே சொல்க, சொன்னவர்க்குத் தண்டனை இல்லை.' அதன்பின் மாணவர்கள் சிறு ஐயத்தையும் வந்து சொல்லலாயினர். பல வேளைகளில் அது வெறும் ஐயமாகவே முடிந்தது. அதனால் என்ன? பத்து முறை வீணாக எழுந்து பார்க்கும் காவற்காரனே பதினோராம் முறை களத்தைக் காப்பாற்றுகிறான். இன்று இவ்வுரையைக் கேட்கும் ஆசிரியர்களுக்கும் கல்லூரி முதல்வர்களுக்கும் என் வேண்டுகோள் இதுவே. ஏமாந்துபோன மாணவனை ஏளனம் செய்யாதீர்கள். ஏமாற்றுவதையே தொழிலாகக் கொண்டவன் முன்னே படித்தவரும் ஏமாறுகின்றனர். வெட்கத்திற்கு இடம் கொடுக்காத பள்ளியில் நச்சுநிரல் நெடுந்தூரம் செல்லாது.

நச்சுநிரல் நுழைந்துவிட்டது என்று ஐயம் எழுந்தால் செய்யவேண்டுவன இவை. முதலில் வலைக் கம்பியைக் கழற்றுங்கள் அல்லது வைஃபை இணைப்பைத் துண்டியுங்கள். அதனால் பரவுதல் நிற்கும். எதையும் அழிக்க முற்படாமல் பொறுப்பாசிரியரிடம் சொல்லுங்கள். வேறொரு நல்ல கணினியிலிருந்து உங்கள் மறைசொற்களை மாற்றுங்கள். அந்தக் கணினியில் செருகிய பென் டிரைவை வேறெங்கும் செருகாதீர்கள். செர்ட்-இன் குழு 2004-ஆம் ஆண்டு முதல் பணியாற்றி வருகிறது. அதன் சார்பில் 2017 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட சைபர் ஸ்வச்சதா கேந்திரா என்னும் மையம், கணினியைத் தூய்மை செய்யும் கருவிகளைக் கட்டணமின்றி வழங்குகிறது. பணம் பறிபோனது என்றால் ஒரு நிமிடமும் தாமதியாது 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். எவ்வளவு விரைவில் அழைக்கிறோமோ, அந்த அளவிற்குப் பணம் கைமாறுவதற்கு முன் தடுத்து நிறுத்தும் வாய்ப்பு உண்டு. சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் என்ற தளத்திலும் முறையீட்டைப் பதிவு செய்யலாம்.

முடிவாக, கணினியில் திறமை மிக்க மாணவர்களுக்கு ஒரு சொல். ஒரு பூட்டைத் திறக்கத் தெரிந்தவனுக்குத் திறந்து பார்க்கும் ஆசை எழுவது இயல்பே. ஆனால் விளையாட்டாகவே செய்தாலும், பிறர் கணினியில் நச்சுநிரலைப் புகுத்துவது நம் நாட்டில் குற்றம். 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறையோ, 5 இலட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். முன்னர்க் கூறிய மோரிஸ், தம் புழு அவ்வளவு விரைவாகப் பெருகும் என்று எதிர்பார்க்கவில்லை. அவர்க்கு மூன்று ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும், 400 மணி நேரச் சமூகப் பணியும், அபராதமும் விதிக்கப்பட்டன. பின்னாளில் அவரே மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியராகிப் பல மாணவர்களுக்குப் பாடம் சொன்னார். அறிவு ஒன்றுதான், அது நிற்கும் பக்கம் மாறியது. நீங்கள் உங்கள் அறிவைத் தொடக்கத்திலேயே காவலின் பக்கம் நிறுத்துங்கள். கண்டறிந்த குறையை உரியவரிடம் சொல்லித் திருத்தச் செய்வது, அதன் வழியே புகுவதினும் கடினமானது, பெருமையும் மிக்கது.

ஆகவே, ஒரு செய்தி உங்களை அவசரப்படுத்தினால் சற்று நில்லுங்கள். ஐயம் தோன்றினால் கேளுங்கள். தவறு நேர்ந்தால் மறைக்காது சொல்லுங்கள். இம்மூன்றையும் செய்வதற்குப் பணம் வேண்டா, பட்டமும் வேண்டா. ஆய்வகத்தில் உங்களுக்குப் பின் அதே நாற்காலியில் வந்து அமரப்போகும் தம்பி தங்கையரை ஒரு கணம் எண்ணிக்கொண்டால் போதும்.